பர்னபாஸின் சோப்புத் தண்ணீர்

பர்னபாஸின் கைகள் முழங்கை வரை சோப்பு நுரையில் இருந்தன. பழைய அலுமினியக் குண்டானில் துணி சோப்பைச் சீவிப் போட்டு, தண்ணீர் விட்டு, முட்டை அடிப்பதுபோல அடித்து நுரை எழுப்பினார். நுரை கெட்டியாக நின்றதும் ஷேவிங் பிரஷ்ஷை அதில் தோய்த்து, கேஸ் சிலிண்டரின் வாயைச் சுற்றித் தடவி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். குமிழி கிளம்பினால் கசிவு. கிளம்பாவிட்டால் அடுத்த சிலிண்டர். கடைசி வரை போய்விட்டு, சந்தேகம் வந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

வெளிச்சத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதை அறைக்கு இறங்கும் மேல்படியில் செங்கல்லில் சாய்த்து நிறுத்தி, வெயிலை உள்ளே திருப்பிவிட்டிருந்தார். விளக்கு, டார்ச் எதுவும் உள்ளே போகக்கூடாது. வெயில் நகர நகர, ஏறிப் போய்க் கண்ணாடியை நகர்த்திவிட்டு இறங்குவார்.

"தன் மூஞ்சிக்கு வாரத்துல ஒரு நாளு. சிலிண்டருக்கு தெனம் ஷேவிங்" என்று அவர் மனைவி ஐடா லைன் வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அது 1998. பர்னபாஸின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். பர்னபாஸும் அதே சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரி ஆனார். குடைந்த இடம் சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் ஆட்களுக்கு அவர் தலைவர். சுரங்கம் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில் முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அப்படி வெளியே வந்தவர்கள் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்திருந்தார்கள். பர்னபாஸுக்கு உட்கார வராது. சர்ச்சில்கூடப் பின்னால் சுவரோரம் நிற்பார். பிரசங்கம் முடிவதற்குள் வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். வேலை இல்லாமல் இருந்த சில மாதத்தில் வீட்டுக் கதவு, ஜன்னல், கட்டில் கால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, ஐடாவின் உயிரை எடுத்துவிட்டார். அதனால் கேஸ் ஏஜென்சி வைத்திருந்த சுந்தரராஜ் குடோன் காவலுக்குக் கூப்பிட்டபோது, அவரைவிட ஐடாவுக்குத்தான் நிம்மதி.

சுந்தரராஜுக்கு ஊருக்கு வெளியே சட்டப்படி கட்டிய ஷெட் ஒன்று இருந்தது. நாலு பக்கமும் கம்பி வலை, காற்று தாராளமாக ஓடும். அதில் கொள்ளாத சிலிண்டர்கள் மேட்டுச் சரிவில் இருந்த மருந்து ரூமுக்கு வரும். அதற்குத்தான் பர்னபாஸ் காவல்.

மருந்து என்றால் டைனமைட். வெள்ளைக்காரன் காலத்தில் மேட்டைக் குடைந்து, கருங்கல் சுவர் எழுப்பி, மேலே மண் போட்டு மூடிய அறை. படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். தண்ணீர் தேங்காமலிருக்கத் தரையோரம் ஒரு தூம்பு வைத்து, சரிவின் கீழே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கட்டிய காலத்தில் சுற்றிலும் ஆளில்லை. பிறகு தூம்பு முடியும் இடத்தில் ஒரு வரிசை வீடுகள் வந்தன; அதைத்தான் லைன் என்பார்கள். பர்னபாஸ் வீடும் அதில் ஒன்று.

"டைனமைட்டே சும்மா கெடந்த எடம் மேஸ்திரி, சிலிண்டர் இன்னா பண்ணப்போவுது?" என்பார் சுந்தரராஜ்.

டைனமைட் வைத்த இடத்தில் கிடக்கும். கேஸ் ஒழுகும். ஒழுகினால் காற்றைவிடக் கனமாகத் தரைக்கு இறங்கி, தண்ணீர்போலத் தேங்கும். வழி கிடைத்தால் பள்ளத்தைப் பார்த்து ஓடும். பெங்களூரிலிருந்து வந்த கேஸ் கம்பெனி ஆபீசர் ஒருவர் எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து இதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பர்னபாஸும் கேட்டுக்கொண்டார். ஒருநாள் சுந்தரராஜிடம், "இங்க வேணாம் சார், எல்லாத்தையும் ஷெட்டுக்கே எடுத்துக்கினு போயிடலாம்" என்றார்.

"ஏன், வாசனை வந்துச்சா?"

அதோடு பர்னபாஸின் வாய் மூடிக்கொண்டது. வாசனை என்ற பேச்சு வந்தாலே அவர் நழுவிவிடுவார். அவருக்கு மூக்கு வேலை செய்யாது.

அதற்குக் காரணம் ஏர் ப்ளாஸ்ட். ஆழத்தில் குடைந்த இடத்தைச் சுற்றி நிற்கும் பாறை, பாரம் தாங்காமல் திடீரென்று வெடிப்பதற்கு அந்த ஊரில் அப்படிப் பெயர். கீழே இருப்பவன் உயிர் தப்புவது அதிர்ஷ்டம். மேலே ஊரில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றில் பர்னபாஸ் தூக்கியெறியப்பட்டு, பின்மண்டை பாறையில் மோதியது. ஆஸ்பத்திரியில் கண்ணில் லைட் அடித்தார்கள், வாந்தி எடுத்தாரா என்று கேட்டார்கள், கை காலை ஆட்டச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பின்மண்டையில் அடிபட்டவனுக்கு மூக்கு நரம்பு அறுந்துபோவது உண்டு. ஆனால் வாசனை தெரிகிறதா என்று எந்த வார்டிலும் யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, ஐடா வைத்த மீன் குழம்பில் உப்பும் புளிப்பும் மட்டும் நாக்கில் பட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

வேலைக்குச் சேரும்போது சுந்தரராஜ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூக்கு நல்லா வேல செய்யுதா மேஸ்திரி? இதுக்கு அது ஒண்ணுதான் முக்கியம்."

கேஸுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்.

"நல்லா செய்யுது சார்" என்றார் பர்னபாஸ்.

சொன்ன பொய்க்கு ஈடுகட்டத்தான் சோப்புத் தண்ணீர். காலையில், வெயில் ஏறியதும், சாப்பிட்டுவிட்டு வந்ததும், சும்மா தோன்றும்போதும். வீட்டில் கேஸ் அடுப்பு வைக்கவும் விடவில்லை. "ஊருக்கெல்லாம் கேஸ். கேஸ்காரர் வூட்டுல மட்டும் கிருஷ்ணாயில் ஸ்டவ்வு" என்று ஐடா முணுமுணுப்பாள். மூக்கு இல்லாதவர் வீட்டில் கேஸ் வேண்டாம் என்பது அவளுக்குப் புரிந்தது. மூக்கு இல்லாத விஷயம் முதலாளிக்குத் தெரியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

அதைத் தெரியவைத்தது ஒரு கருவாடு. ஒரு சாயங்காலம் பர்னபாஸின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பையின் அடியில், நனைந்த காகிதத்தில் சுற்றிய கருவாடு புழுத்துக் கிடந்தது.

"இது எத்தினி நாளா கீது?"

"எது?"

"சரியாப் போச்சு. இத்தத் தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்தினீங்களா? அங்க சுந்தரராஜு சாரு ஒண்ணும் கேக்கலயா?" கேட்டவள் சட்டென்று நின்றாள். "ஏங்க, உங்க மூக்கு சமாச்சாரம் அவருக்குத் தெரியுமில்ல?"

பர்னபாஸ் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தார்.

"தெரியாதா! ஐயோ, மேல அத்தினி சிலிண்டரு, கீழ நாங்க இத்தினி பேரு. மூக்கு இல்லாத காவலா?"

"சோப்பு போட்டுப் பாக்கறனே."

"நீங்க வூட்டுக்கு வந்து தூங்கும்போது எவன் சோப்பு போடறான்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா வேல போயிடும், ஐடா."

"போவட்டும். கட்டில் காலக் கழட்டி மாட்டிக்கினு கெடங்க."

ஈஸ்டர் கழியட்டும் என்று தவணை கேட்டார். அவள் முறைத்துக்கொண்டே விட்டாள்.

ஈஸ்டருக்கு முன்பே அது நடந்துவிட்டது. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். கண்ணாடியை நகர்த்தப் பர்னபாஸ் மேல்படிக்கு வந்திருந்தார். காலுக்கடியில் பூமி ஒரு உதை உதைத்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது, வயிற்றுக்குள் கேட்பதுபோல: ஏர் ப்ளாஸ்ட். கண்ணாடி விழுந்து உடைந்தது. உள்ளே சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உருண்டன. தூசி எழுந்து அடங்கியது. வெளிச்சம் காட்டக் கண்ணாடி இல்லாததால் அறை இருண்டு கிடந்தது.

அப்போதுதான் டேவிட் சிலிண்டர் எடுக்க மூன்று சக்கர வண்டியோடு மேடேறி வந்தான். அவனும் சுரங்கத்தில் டிராலி தள்ளியவன். இப்போது வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிறான். அவன் வந்தால் பர்னபாஸ் வழக்கமாக ஒன்று கேட்பார்: "இன்னா டேவிட், எப்டி கீது?" அவனும் படியில் நின்று, "நல்லா கீது அண்ணே" என்பான். கேள்வி சிலிண்டரைப் பற்றியது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பர்னபாஸ் நினைத்திருந்தார்.

அன்றைக்கு டேவிட் பாதிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே! பயங்கரமா நாறுது!"

தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து, குண்டானில் இருந்த சோப்புத் தண்ணீரிலேயே முக்கி முகத்தில் கட்டினான். சிலிண்டர் வாயை அடைக்கும் மூடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான். "எதுன்னு பாத்து மூடிட்டு வந்துடறேன்."

பர்னபாஸ் கத்தினார்: "குனிஞ்சு போ! தரையிலதான் காத்து இருக்கும்!"

சுரங்கத்தில் வேலை செய்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். பாறையில் வெடி வைத்தபின் கிளம்பும் புகைக்கும் அங்கே கேஸ் என்றுதான் பெயர். அது கூரையில் ஏறி நிற்கும். மாட்டிக்கொண்டால் தவழ்ந்து வெளியே வரவேண்டும். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கேஸ் என்ற சொல்லைக் கேட்டால் முதுகு தானாகவே வளையும். டேவிட்டும் முதுகை வளைத்து, ஏறக்குறையத் தவழ்ந்து உள்ளே போனான்.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் பர்னபாஸுக்கு ஆபீசரின் டீயும் பிஸ்கட்டும் நினைவுக்கு வந்தன. இது அந்தக் கேஸ் இல்லை.

"டேவிட்! நிமிரு! எழுந்து நில்லுடா!"

உள்ளிருந்து உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது.

பர்னபாஸ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்த நடையில் இறங்கினார். வாசலிலிருந்து நாலடியில் டேவிட் குப்புறக் கிடந்தான். அக்குளில் கை கொடுத்து, தலையை மேலே தூக்கிப் பிடித்தபடி இழுத்தார். படியில் முதுகு தட்டத் தட்ட மேலே கொண்டுவந்து, காற்றோட்டத்தில் ஒருக்களித்துப் போட்டார். டேவிட் இருமினான், பிறகு வாந்தி எடுத்தான். மூச்சு இருந்தது. அவன் கை அந்த மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. அதை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

அப்போது அவர் கண் சரிவில் இறங்கியது. தூம்பு. அதன் முடிவில் வீடுகள். ஐடாவின் கிருஷ்ணாயில் ஸ்டவ்.

அவர் ஓடினார்.

"அடுப்ப அணைங்க! எல்லாரும் அடுப்ப அணைச்சுட்டு மேட்டுப் பக்கம் ஏறுங்க!"

முதல் வீட்டில் யசோதா ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு விற்க வடை போட்டுக்கொண்டிருந்தாள். "எண்ண காஞ்சுக்கினு கீது மேஸ்திரி, இந்த ஈடு எடுத்துட்டு…" அவர் வாணலியைச் சேலைத்தலைப்பால் பிடித்து இறக்கச் சொல்லி, குடத்துத் தண்ணீரை விறகில் கவிழ்த்தார். புகைக்கு நடுவே அவள் அவருடைய பரம்பரையையே திட்டினாள். திட்டிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். பிறகு திட்டை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவை அவளே தட்டப் போனாள்.

ஐடா சத்தம் கேட்டபோதே ஸ்டவ்வை அணைத்துவிட்டு, வரிசையின் கடைசி வீட்டில் நடக்கமுடியாமல் படுத்திருந்த பெரியவரைக் கட்டிலோடு தூக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து, "வாசனை வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் குத்தல் வந்தது.

லைன் காலியானதும் பர்னபாஸ் மேலே ஓடினார். மறுபடி மூச்சைப் பிடித்தார். இருட்டில் சத்தம் வந்த பக்கம் ஈரக் கையை நீட்டித் துழாவினார். ஒரு சிலிண்டரின் வாயருகே விரல் பனிக்கட்டியைத் தொட்டதுபோல் எரிந்தது. மூடியை வைத்து அழுத்தித் திருகினார். உஸ் நின்றது. படியேறி வெளியே வந்து விழுந்தபோது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு ஃபயர் வண்டி வந்தது. தண்ணீர் பீய்ச்சித் தூம்பைக் கழுவி, அறையைக் காற்றாட விட்டார்கள். டேவிட்டை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுந்தரராஜ் ஒரு கல்யாணத்துக்குப் பங்காருபேட்டை போயிருந்தார். காலையில் வருவார் என்றார்கள்.

சாயங்காலம் டேவிட்டுக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்திருந்தார்கள். தலைவலி, வாந்தி, முதுகெல்லாம் சிராய்ப்பு. பர்னபாஸ் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்; தலையணையைச் சரி செய்தார்; ஜன்னலைத் திறந்தார்; மூடினார்.

"குந்துங்கண்ணே. தல சுத்துது, உங்களப் பாத்தா இன்னும் சுத்துது."

"நான்தான்டா குனியச் சொன்னேன்."

"நீங்க சொல்லாட்டியும் குனிஞ்சிருப்பேன். நானும் கீழ வேல செஞ்சவன்தானே." டேவிட் அவர் பக்கம் திரும்பிப் படுத்தான். "அந்தக் கருவாடு நான்தான் போட்டேன்."

"இன்னாது?"

"உங்க பையில. ரெண்டு நாளு தூக்கிக்கினு வந்தீங்க, தூக்கிக்கினு போனீங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், மேஸ்திரிக்கு மூக்கு காலின்னு. அதான் நானே மொதல்ல படியில நின்னு மோந்து பாத்துட்டு 'நல்லா கீது'ன்றது."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்கள அனுப்பிட்டு மூக்கு நல்லா கீற எவனையாச்சும் வைப்பாரு. அவன் சோப்பு போடுவானா? பீடி புடிச்சுக்கினு குந்தியிருப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? மேஸ்திரி மூக்காலதான் லைனே பொழச்சுதாம். வாய மூடிக்கினு இருங்க. வேல கெட்டியாயிடுச்சு."

வீட்டுக்குப் போகும் வழியில் பஜாரில் இரண்டு பேர் அவரைக் கும்பிட்டார்கள். ஒருவன் டீ வாங்கித் தர வந்தான். பர்னபாஸ் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மருந்து ரூம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். ஐடாவிடம், "காலைல நீயும் மேல வா" என்றார்.

மறுநாள் காலை சுந்தரராஜ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கல்யாணத்துச் சந்தனம் இன்னும் நெற்றியில் இருந்தது.

"மேஸ்திரி! கேள்விப்பட்டேன்யா. மூக்கா அது? உன் மூக்கு கீற வரைக்கும் எனக்கு இன்னா பயம்? கதவுக்கு மேல ஒரு ஜன்னல் வச்சுடலாம். இந்த ரூம் பாட்டுக்கு நடக்கட்டும்."

"எனக்கு மூக்கு கெடையாது சார்."

சுந்தரராஜ் சிரித்தார். "வெளையாடாத."

"ஏர் ப்ளாஸ்ட்டுல அடிபட்டப்பவே போயிடுச்சு. உங்ககிட்ட பொய் சொல்லித்தான் சேந்தேன். நேத்து நாத்தம் புடிச்சது டேவிட்டு. குனியச் சொல்லி அவன சாகடிக்கப் பாத்தது நான்."

சுந்தரராஜ் ஐடாவைப் பார்த்தார், அவளாவது மறுப்பாள் என்பதுபோல. "புழுத்த கருவாட்டப் பையில வச்சுக்கினு சுத்தின மனுஷன் சார் இவரு" என்றாள் ஐடா.

"அப்ப இத்தினி நாளா எத்த வச்சுக் காவல் காத்தே?" சுந்தரராஜின் முகம் சிவந்துவிட்டது.

பர்னபாஸ் குண்டானைக் காட்டினார்.

"சாவியக் குடு. நாளைலேர்ந்து வராத."

"குடுக்கறேன் சார். ரூம் காலியாவட்டும், குடுக்கறேன். மூக்கு கீற ஆளு வந்தாலும் ராத்திரி தூங்குவான். கீழ அத்தினி வூடு கீது."

"நீ யாருய்யா என்கிட்ட…"

சரிவிலிருந்து யசோதா மேலே வந்தாள். அவள் பின்னால் லைன் ஆட்கள். வந்து சுந்தரராஜுக்கு எதிரே நின்றார்கள். யசோதா மட்டும், "என் ஒரு ஈடு வட போச்சு சார், அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றாள். சுந்தரராஜ் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஷெட்டிலிருந்து லாரி வந்து நின்றது.

பர்னபாஸ் புது நுரை அடித்தார். கண்ணாடி உடைந்துபோனதால் ஐடா தன் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து மேல்படியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே ஏற்றி, நுரை தடவி, குமிழி பார்த்து, லாரியில் வைத்தார்கள். ரூம் காலியானதும், இனி யாரும் அங்கே எதையும் பூட்டிவைக்க முடியாதபடி, பர்னபாஸ் கடப்பாரையால் நெம்பிக் கதவைக் கீலோடு கழற்றினார். கதவையும் லாரியில் ஏற்றிவிட்டு, பூட்டையும் சாவியையும் அதன்மேல் வைத்தார்.

குண்டானில் நுரை மீதியிருந்தது. ஐடா அதைக் கீழே கொண்டுபோய், இரண்டு தலையணை உறையை ஊறவைத்தாள்.